பருவகாலப் பாடத்துக்கு ஒரு காணொலி: தேடலும் தேர்வும் குறித்த நிகழ்வு ஆய்வு

எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர், ‘பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன’ என்ற பாடத்துக்கு இணையத்திலிருந்து காணொலி தேடித் தேர்ந்து, அதை 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் பயன்படுத்திய விதத்தை இந்த நிகழ்வு ஆய்வு பதிவு செய்கிறது. முதல் தேடல் தொடங்கி, பாடம் முடிந்து மாணவர்களின் விடைகளைப் படித்தது வரை நான் அவருடன் சேர்ந்து பணியாற்றினேன். ஒரே வகுப்பு, ஒரே கருத்து என்பதால் இங்கே கூறப்படுபவற்றை எல்லாப் பாடங்களுக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் ஒவ்வொரு படியிலும் எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைத்தால், வேறு பாடத்துக்குக் காணொலி தேடும் ஆசிரியருக்கு அது கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

இந்தப் பாடத்துக்குக் காணொலி தேவைதானா என்பதையே முதலில் பேசினோம். தேவை என்று இருவருக்கும் தோன்றியதற்குக் காரணம் உண்டு. பூமி சூரியனைச் சுற்றிவர ஓராண்டு ஆகிறது, தரையில் நிற்பவருக்கு அந்தச் சுற்று கண்ணுக்குத் தெரிவதில்லை, 23.4 பாகை சாய்ந்த அச்சு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருக்க, பூமி மட்டும் இடம்பெயர்வதைத் தாளில் வரைந்த அசையாப் படத்தில் உணர்த்துவது கடினம். காலத்தைச் சுருக்கியும், பார்ப்பவரை விண்வெளிக்கு நகர்த்தியும் காட்டுவது அசையும் படத்துக்கே உரிய வலிமை. இப்படி ஒரு காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாத பாடத்துக்குக் காணொலி தேடி நேரம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. கரும்பலகையில் இரண்டு நிமிடத்தில் விளங்கக்கூடியதைப் பத்து நிமிடக் காணொலியாகக் காட்டும்போது, மாணவர் கேள்வி கேட்டிருக்கக்கூடிய எட்டு நிமிடங்கள் வீணாகின்றன.

தேடுவதற்கு முன் கேட்ட கேள்வி

தேடுபொறியைத் திறப்பதற்கு முன் ஆசிரியை வகுப்பில் ஒரு கேள்வியைக் கொடுத்தார்: “ஜூன் மாதத்தில் வட அரைக்கோளத்தில் கோடைக்காலம். அது ஏன்? படம் வரைந்து விளக்குக.” மதிப்பெண் கிடையாது, தெரிந்ததை எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தார். வந்த விடைகளை நாங்கள் மேசையில் பரப்பிவைத்துப் படித்தோம். என் பார்வையில், இந்த நிகழ்வின் மிகப் பயனுள்ள வேலை அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்தது.

பெரும்பாலான தாள்களில் முட்டை வடிவச் சுற்றுப்பாதை இருந்தது. ஒரு மாணவன் சூரியனை அந்த முட்டையின் ஒரு முனைக்கு மிக அருகில் வைத்து, பூமியை இரு இடங்களில் வரைந்து, “கிட்ட வரும்போது வெயில், தள்ளிப் போகும்போது குளிர்” என்று எழுதியிருந்தான். அடுப்புக்கு அருகில் போனால் சுடும், விலகினால் சூடு குறையும் என்ற அன்றாட அனுபவத்திலிருந்து பிறந்த விளக்கம் அது. தனக்குள் முரண்பாடு இல்லாத, கேட்டவுடன் சரியென்று தோன்றுகிற விளக்கம் என்பதால்தான் அதை அசைப்பது அரிதாக இருக்கிறது. இன்னும் சிலர் ‘சாய்வு’ என்ற சொல்லை எழுதியிருந்தார்கள். முந்தைய வகுப்பில் கேட்டது நினைவில் இருந்திருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்தால், சாய்வதால் வட அரைக்கோளம் சூரியனுக்கு அருகில் போய்விடுகிறது என்றே அவர்களும் காட்டியிருந்தார்கள். சரியான சொல்லுக்கு உள்ளே பழைய நம்பிக்கையே உட்கார்ந்திருந்தது.

உண்மை நிலவரம் இதற்கு நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி மாதத் தொடக்கத்தில். அப்போது இடைவெளி ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். அப்போது ஏறத்தாழ 15.21 கோடி கிலோமீட்டர். வட அரைக்கோளம் கோடையில் காயும்போது பூமி சூரியனிடமிருந்து அதிகத் தொலைவில் இருக்கிறது. அதே ஜூலையில் தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். இந்த இரண்டு செய்திகளும் ‘கிட்ட வந்தால் வெயில்’ என்ற விளக்கத்தோடு ஒத்துப்போகவே முடியாது. அப்படியானால் நாம் தேட வேண்டிய காணொலி ‘பருவகாலம் பற்றிய காணொலி’ என்ற பொதுப் பொருளுக்கு உரியதாக இருந்தால் போதாது. இந்த வகுப்பு எழுதிக் கொடுத்த இந்த விளக்கத்தை நேருக்கு நேர் சந்திக்கும் காணொலியாக இருக்க வேண்டும். தேடலின் திசை அங்கேயே முடிவாகிவிட்டது.

தேடல் சொற்கள்

பாடத்தின் தலைப்பை அப்படியே யூடியூபில் இட்டால் வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அதிகம் பேர் பார்த்தவை, முகப்புப் படம் கவர்ச்சியாக இருப்பவை, சிறு குழந்தைகளுக்கான பாட்டும் பொம்மையும் கொண்டவை முன்னால் வந்து நிற்கும். பார்வை எண்ணிக்கை ஒரு காணொலியின் பிரபலத்தைச் சொல்லும்; அதன் சரித்தன்மையைச் சொல்லாது. ஆகவே தலைப்பை விட்டுவிட்டு, மாணவர்களின் பிழையையே தேடல் சொல்லாக மாற்றினோம்: பூமி அருகில் இருக்கும்போது ஏன் குளிர்காலம், பருவகாலம் பற்றிய தவறான கருத்து, ஜனவரியில் சூரியனுக்கு அருகில். முடிவுகளின் தன்மையே மாறியது. ஆசிரியர்களும் வானியல் துறையினரும் தயாரித்த, குறைவான பார்வைகள் கொண்ட, நிதானமான காணொலிகள் மேலே வரத் தொடங்கின. அதே சொற்களை வேறொரு மொழியிலும் இட்டுப் பார்த்தோம், ஏனெனில் படம் நன்றாக இருந்து பேச்சு மட்டும் பயிற்று மொழியில் இல்லை என்றால், ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியையே விளக்கம் சொல்லலாம்.

தேடல் வடிகட்டிகளில் எங்களுக்குப் பயன்பட்டவை மூன்று: காணொலியின் நீளம், சப்டைட்டில் இருப்பது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். இந்த உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி யூடியூபில் 2011 முதல் இருக்கிறது; வெட்டி, இணைத்து, மொழி மாற்றிப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி. பொதுத் தேடலோடு நிற்காமல், படங்களை உருவாக்கும் இடங்களுக்கே நேராகச் சென்று தேடுவதும் பலன் தந்தது. நாசாவின் அறிவியல் காட்சிப்படுத்தல் பிரிவு, பல்கலைக்கழகங்களின் வானியல் துறைகள் போன்றவை வெளியிடும் காட்சிகளில் பல, பேச்சும் இசையும் இல்லாதவை. பொதுத் தேடலில் அவை பின்னால் தள்ளப்பட்டுவிடுகின்றன.

கிடைத்த ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. ஆசிரியை ஒரு நல்ல வழியைக் கையாண்டார். யூடியூபில் பல காணொலிகளுக்குக் கீழே பேச்சின் எழுத்து வடிவத்தைத் திறந்து படிக்க முடியும். அதைத் திறந்து, உலாவியின் சொல் தேடலில் ‘அருகில்’, ‘தூரம்’, ‘சாய்வு’ ஆகியவற்றுக்கு இணையான சொற்களைத் தேடி, அந்த வாக்கியங்களை மட்டும் படிப்பார். பருவகாலம் பற்றிய காணொலி எதுவானாலும் சரியாகவோ பிழையாகவோ இந்தச் சொற்களைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். பத்து நிமிடக் காணொலி ஒன்றை விலக்க ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. இந்த வழியில் தேறியவற்றை மட்டுமே முழுதாகப் பார்த்தோம். ஒருமுறையாவது தொடக்கம் முதல் முடிவு வரை, விரைவுபடுத்தாமல், வகுப்பில் ஓடவிருக்கும் அதே வேகத்தில் பார்க்காத காணொலி எதையும் இறுதிப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஆசிரியை உறுதியாக இருந்தார்.

விலக்கியவை, விலக்கிய காரணம்

சொல்லப்படும் செய்தி சரியாக இருந்து, காட்டப்படும் படம் பிழையாக இருக்கும் காணொலிகளே அதிகம் கவலை தந்தன. மிகத் தெளிவான குரலில் “பருவகாலத்துக்குக் காரணம் தூரம் அல்ல, அச்சின் சாய்வு” என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். திரையில் நீண்டு நசுங்கிய முட்டைப் பாதையில் பூமி சூரியனை நெருங்கியும் விலகியும் ஓடிக்கொண்டிருக்கும். மாணவரின் காதில் ஒன்று விழுகிறது, கண்ணில் அதற்கு மாறான ஒன்று பதிகிறது. இந்த வகுப்பின் மாணவர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த படமும் அந்த முட்டைதான் என்பதால், காணொலி அதற்குச் சான்றிதழ் கொடுத்தது போல ஆகிவிடும்.

பூமியின் பாதை எவ்வளவு நீள்வட்டம் என்பதை ஆசிரியை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினார். அதன் மையப்பிறழ்ச்சி, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண், 0.0167. பாதையின் நெடிய விட்டத்தை 10 சென்டிமீட்டராக வைத்துத் தாளில் வரைந்தால், நெடிய விட்டத்துக்கும் குறுகிய விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். கூர்மையான பென்சிலின் கோடு அதைவிடத் தடிமனானது. சூரியன் மையத்திலிருந்து விலகியிருக்கும் தொலைவும் அந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவுதான். அதாவது, கவராயத்தால் போட்ட வட்டமே பூமியின் பாதைக்கு நேர்மையான படம். பல காணொலிகளில் முட்டை வருவதற்குக் காரணம், வட்டப் பாதையைப் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பார்ப்பதாக வரைவது. அப்படி வரைவதில் பிழை இல்லை; ஆனால் பார்வைக் கோணம் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் விட்டால், கோணத்தால் வந்த நீட்சியைப் பாதையின் உண்மை வடிவம் என்றே பதின்மூன்று வயது மாணவர் எடுத்துக்கொள்வார். படம் மேலிருந்து தொடங்கி மெதுவாகப் பக்கவாட்டுக்கு இறங்கும் காணொலிகளை, இந்த ஒரே காரணத்துக்காக, மற்றவற்றுக்கு மேலாக வைத்தோம்.

‘சாய்வதால் நெருங்குகிறது’ என்ற பிழையும் பல இடங்களில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. “கோடையில் வட அரைக்கோளம் சூரியனுக்கு அருகில் சாய்கிறது” என்ற ஒரு வாக்கியம் போதும். தூரக் கருத்து வேறு உடை உடுத்தித் திரும்பிவிடும். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான். சூரியனோ சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாய்வினால் ஒரு அரைக்கோளம் எவ்வளவு நெருங்கினாலும் அது மொத்தத் தொலைவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வேறு சில அனிமேஷன்களில் அச்சு ஜூனில் ஒரு பக்கமும் டிசம்பரில் மறுபக்கமும் தலையாட்டியது. அச்சின் வட முனை ஆண்டு முழுவதும் துருவ நட்சத்திரத்துக்கு அருகிலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. அது ஆடினால் பருவகாலத்தின் அடிப்படையே குலைந்துவிடும். இப்படித் தலையாட்டும் காணொலிகளை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், உடனே ஒதுக்கினோம்.

இன்னொரு குறை அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான காணொலிகள் வட அரைக்கோளத்தின் மிதவெப்ப மண்டலத்தில் இருப்பவருக்காக எடுக்கப்பட்டவை. இலையுதிர்வதும் பனி பொழிவதும் எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு அவை பேசுகின்றன. வெப்பமண்டலத்தில் வாழும் மாணவருக்கு, ஆண்டில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருவதும், பகலின் நீளம் அதிகம் மாறாமலிருப்பதும்தான் அனுபவம். தென் அரைக்கோளத்து மாணவருக்கு டிசம்பர் கோடை. காணொலி எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்பதைக் கவனித்து, தேவைப்பட்டால் அதை வகுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்காக ஒரு நல்ல காணொலியை விலக்க வேண்டியதில்லை.

நீளம் பற்றி அதிகம் விவாதிக்கவில்லை. 2014-இல் ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் ஆகியோர் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடநெறிகளில் பதிவான 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து, காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் அதில் செலவிடும் இடைநிலை நேரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். அது தனியே கணினி முன் உட்காரும் கற்போரைப் பற்றிய கண்டுபிடிப்பு. வகுப்பில் ஆசிரியர் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும் என்பதால் ஆறு நிமிடத்தை விதியாகக் கொள்ளத் தேவையில்லை. ஆயினும் 40 நிமிடத்தில் பேச்சுக்கும் செய்முறைக்கும் இடம் வேண்டுமானால், திரைக்குக் கொடுக்கத்தக்க நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பின்னணி இசை உரக்க ஒலிப்பவை, பாடத்தோடு தொடர்பில்லாத வேடிக்கைப் படங்களை இடையிடையே செருகுபவை ஆகியவற்றை ஒதுக்கியதற்கு, கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் குறித்து நீண்ட காலம் செய்த ஆய்வுகள் துணை நின்றன: பொருளுக்குத் தேவையில்லாத சுவையூட்டல் கற்றலைக் குறைக்கிறது என்பது அவற்றின் முக்கிய முடிவுகளில் ஒன்று.

கடைசியில் எஞ்சியவை

இறுதியாக இரண்டு விளக்கக் காணொலிகள் எதிரெதிரே நின்றன. ஒன்று மிக நேர்த்தியானது. பிழை எதுவும் இல்லை, குரல் இனிமை, படங்கள் அழகு, கருத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக வரும். மற்றொன்று எளிமையாக எடுக்கப்பட்டது. ஒருவர் சிலரிடம் பருவகாலத்துக்குக் காரணம் கேட்கிறார். அவர்கள் நம் மாணவர்களைப் போலவே தூரத்தைச் சொல்கிறார்கள். அப்படியானால் தென் அரைக்கோளத்தில் ஏன் அதே நேரத்தில் குளிர் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அவர்கள் தடுமாறி, யோசித்து, மெல்ல விளக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கச் சற்றுச் சிரமமான காணொலி அது.

ஆசிரியையின் மனம் முதலில் நேர்த்தியானதன் பக்கம் சாய்ந்தது, அது இயல்பு. இரண்டாவதை எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு ஓர் ஆய்வே ஆதாரம். டெரிக் முல்லர், பின்னாளில் வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலால் உலகறிந்தவர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இதே கேள்வியை இயற்பியல் காணொலிகளை வைத்துச் சோதித்தார். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொல்லும் காணொலியைப் பார்த்த மாணவர்கள், அது நன்றாகப் புரிந்தது, எளிதாக இருந்தது என்றார்கள். ஆனால் பிந்தைய தேர்வில் அவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தெரிந்ததையே திரும்பக் கேட்பதாக நினைத்து, தம் பழைய கருத்தைக் காணொலி உறுதிப்படுத்துவதாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள். தவறான கருத்தை முன்வைத்து, அதை விவாதித்துத் திருத்தும் உரையாடல் காணொலியைப் பார்த்தவர்களோ அதிக உழைப்புத் தேவைப்பட்டதாகச் சொன்னார்கள். தேர்வில் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். வகுப்பில் காணொலி முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்டு, எல்லாரும் தலையாட்டுவதைப் பார்த்து நிறைவடையும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு ஒரு கடுமையான எச்சரிக்கை என்றே நான் எண்ணுகிறேன். உரையாடல் காணொலியில், தென் அரைக்கோளக் கேள்வி வரும் பகுதியை மட்டும், மூன்று நிமிடத்துக்கு உட்பட்டதாக எடுத்துக்கொண்டோம்.

அதோடு சேர்த்து ஆசிரியை தேர்ந்தெடுத்தது ஒரு பேசாத காட்சி. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்பதுபோலத் தோன்றும் மெட்டியோசாட்-9 செயற்கைக்கோள், 2010-11 காலத்தில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடுத்த பூமியின் படங்களை வரிசையாக ஓட்டிய காட்சி அது. நாசாவின் புவி ஆய்வகத் தளம் அதை வெளியிட்டது. ஒரு நிமிடம் கூட ஓடாது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் பிரியும் கோடு வட முனையிலிருந்து தென் முனைக்கு நேராக ஓடுகிறது. ஜூனில் அந்தக் கோடு சாய்ந்து, வட துருவம் முழுதும் வெளிச்சத்துக்குள் வந்துவிடுகிறது. டிசம்பரில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, வட துருவம் இருளில் மூழ்க, தென் துருவம் ஒளிர்கிறது. வரைந்த படம் எதுவும் இல்லை, முட்டைப் பாதை இல்லை, குரல் இல்லை. உண்மையான பூமியின் உண்மையான ஓராண்டு.

உரிமை, விளம்பரம், அணுகல்

இவை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யூடியூப் காணொலியை அதன் பக்கத்திலிருந்தே ஓட்டிக் காட்டுவதும், இறக்கி வைத்துக்கொள்வதும் வெவ்வேறு. தளம் அனுமதிக்காத வழியில் இறக்குவது அதன் விதிமுறைகளுக்கு எதிரானது. நாசாவின் வெளியீடுகள் பெரும்பாலும் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை என்றாலும், அவற்றுக்குள் பிற அமைப்புகளின் படங்கள் இருக்கக்கூடும். இந்தக் காட்சியின் மூலப் படங்கள் ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பான யூமெட்சாட்டுக்கு உரியவை. ஆகவே இரண்டையும் இணையத்திலிருந்தே ஓட்டினோம். உரையாடல் காணொலியைக் கூகுள் ஸ்லைட்ஸ் பக்கத்தில் பொருத்தி, தொடங்கும் நொடியையும் முடியும் நொடியையும் குறித்துவிட்டதால், பக்கவாட்டில் வரும் பிற காணொலிகளின் படங்களும் கருத்துரைகளும் மாணவர் கண்ணில் படவில்லை. யூடியூபின் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை ஓரளவுக்கே வடிகட்டும். அது முழுத் துல்லியமானது அல்ல என்று நிறுவனமே கூறுகிறது.

சப்டைட்டில் விஷயத்தில் மட்டும் கூடுதல் நேரம் செலவானது. வகுப்பில் காது சரியாகக் கேளாத மாணவி ஒருத்தி இருந்தாள். தானாக உருவாகும் சப்டைட்டிலில் கலைச்சொற்கள் வரும் இடத்தில்தான் பிழைகள் மலிந்திருந்தன. ‘அச்சு’, ‘அரைக்கோளம்’ போன்ற, அவளுக்கு மிகவும் தேவைப்படும் சொற்களே சிதைந்து வந்தன. ஆசிரியை அந்த மூன்று நிமிடப் பேச்சைத் திருத்தி அச்சிட்டு, பாடத்துக்கு முந்தைய நாளே அவளிடம் கொடுத்தார். பேச்சும் அதே பேச்சின் எழுத்தும் ஒரே நேரத்தில் வருவது சிலருக்குச் சுமையாகலாம் என்பது மேயரின் ஆய்வுகளில் வருவதுதான்; ஆனால் கேட்க முடியாதவருக்கும் அந்த மொழியில் இப்போதுதான் பழகுபவருக்கும் எழுத்து இன்றியமையாதது. ஒரு வகுப்பில் இந்த இரு வகையினரும் இருக்கும்போது, தேவை அதிகம் உள்ளவர் பக்கம் நிற்பதே சரி.

பாடவேளையில் நடந்தது

பாடம் காணொலியோடு தொடங்கவில்லை. மாணவர்களின் தாள்களைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியை, பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது எந்த மாதம் என்று கேட்டு, விடையை எழுதச் சொன்னார். ஏறக்குறைய எல்லாரும் மே அல்லது ஜூன் என்று எழுதினார்கள். பிறகு உரையாடல் காணொலி. திரையில் உள்ளவர் தென் அரைக்கோளத்தைப் பற்றிக் கேட்ட இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று வகுப்பைக் கேட்டார். அந்த மௌனம் சற்று நீண்டது, அவர் அவசரப்படவில்லை. ‘ஜனவரி’ என்ற விடை வந்தபோது வகுப்பில் எழுந்த சலசலப்பு, அந்தப் பாடத்தின் திருப்புமுனையாக அமைந்தது.

மெட்டியோசாட் காட்சியை ஒலியின்றி இருமுறை ஓட்டினார். முதல் முறை எதுவும் சொல்லாமல் ஓட்டினார். ஓடி முடிந்ததும் ஒரு சிறுமி, “டீச்சர், பூமி நேரா இருக்கு, நிழல்தான் ஆடுது” என்றாள். நாங்கள் எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்த கேள்வி அது. செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், அதன் படத்தில் பூமியின் அச்சு எப்போதும் நிமிர்ந்தே தெரியும். சூரியன் இருக்கும் திசைதான் மேலும் கீழுமாக மாறுவதாகத் தோன்றும். ஆசிரியை மேசை மீது டார்ச் விளக்கை வைத்து, உலக உருண்டையின் அச்சு வகுப்பறையின் ஒரே மூலையை நோக்கியிருக்கும்படி பிடித்துக்கொண்டு, விளக்கைச் சுற்றி நடந்தார். அதே சிறுமியை உருண்டைக்கு அருகில் கைப்பேசியோடு வரச் சொல்லி, அச்சு எப்போதும் நிமிர்ந்து தெரியும்படி பிடித்துப் படமெடுக்கச் செய்தார். கைப்பேசித் திரையில் இருளின் எல்லை சாய்ந்து சாய்ந்து மாறியது. இரண்டாம் முறை காணொலி ஓடியபோது வகுப்பே மாதங்களைச் சொல்லிக்கொண்டு வந்தது.

எஞ்சிய நேரத்தில் ஒரு சிறு கணக்கு. 40 பாகை வட அட்சரேகையில் ஜூன் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 73.4 பாகை உயரத்தில் இருக்கும். டிசம்பர் 21 நண்பகலில் 26.6 பாகை மட்டுமே. ஒரு மீட்டர் கோலின் நிழல் ஜூனில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், டிசம்பரில் இரண்டு மீட்டர். சாய்ந்து விழும் அதே வெளிச்சம் பரந்த நிலத்தில் சிதறுவதால், டிசம்பர் நண்பகலில் சமதரையின் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஒளி ஜூனில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. பகலின் நீளமும் சுமார் 15 மணி நேரத்திலிருந்து 9 மணி நேரத்துக்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது. டார்ச் வெளிச்சத்தைக் கட்டத்தாளில் நேராகவும் சாய்வாகவும் விழச் செய்து, ஒளி படிந்த கட்டங்களை மாணவர்கள் எண்ணினார்கள். எந்தக் காணொலியும் இந்த எண்ணிக்கைக்கு ஈடாகாது என்று ஆசிரியை முன்பே முடிவு செய்திருந்தார். நானும் அதை ஏற்கிறேன்.

பிந்தைய விடைகள்

ஒரு வாரம் கழித்து அதே கேள்வி மீண்டும் கொடுக்கப்பட்டது. முட்டை வடிவப் பாதை பெரும்பாலான தாள்களிலிருந்து மறைந்திருந்தது. ‘கிட்ட வரும்போது வெயில்’ என்று எழுதிய மாணவன் இம்முறை வட்டம் போட்டு, அச்சை நான்கு இடங்களிலும் ஒரே திசையில் சாய்த்து வரைந்து, ஜூனில் சூரியக் கதிர் செங்குத்தாக விழுவதையும் பகல் நீள்வதையும் குறித்திருந்தான். ஆனால் சிலரிடம் ‘சாய்வதால் நெருங்குகிறது’ என்ற கருத்து அசையாமல் இருந்தது. தூரத்தைப் பற்றிய பெரிய பிழையை நேருக்கு நேர் சந்திக்கும் காணொலி கிடைத்தது; அதற்குள் ஒளிந்திருந்த இந்தச் சிறிய பிழையைச் சந்திக்கும் பகுதி எங்கள் தேர்வில் இல்லை. அப்படி ஒரு காணொலியைப் பிறகு தேடியும் மனநிறைவு தரும்படி எதுவும் அகப்படவில்லை.

ஆகவே அடுத்த பிரிவுக்குப் பாடம் எடுத்தபோது, ஆசிரியை காணொலிகளை மாற்றாமல், அவற்றுக்கு நடுவே ஒரு கேள்வியைச் சேர்த்தார். பூமியின் விட்டத்தையும் சூரியனின் தொலைவையும் பலகையில் எழுதிவிட்டு, சாய்வினால் ஒரு அரைக்கோளம் அதிகபட்சமாக எவ்வளவு நெருங்க முடியும் என்று மாணவர்களையே கணக்கிடச் செய்தார். சூரியனின் தொலைவை 100 மீட்டராக வைத்தால் பூமியின் விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் பிரிவின் விடைகளில் ‘நெருங்குகிறது’ என்ற விளக்கம் அரிதாகவே வந்தது.

காணொலித் தேர்வுக்கான பதிவேட்டில் ஆசிரியை இப்போது வைத்திருப்பவை: இரண்டு காணொலிகளின் இணைப்பு, தொடங்கும் முடியும் நொடிகள், எங்கே நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் கேட்க வேண்டிய கேள்வி, திருத்திய சப்டைட்டில் தாள், நடுவே சேர்த்த கணக்கு. இணையக் காணொலிகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவதுண்டு என்பதால், ஒவ்வோர் ஆண்டும் பாடத்துக்கு முன் இணைப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்றும், உரையாடல் காணொலி கிடைக்காவிட்டால் அதே உரையாடலை இரண்டு மாணவர்களைக் கொண்டு வகுப்பிலேயே நடத்தலாம் என்றும் குறிப்பு எழுதியிருக்கிறார்.